மேல்முறையீடு என்றால் வழக்கு மறுபடியும் முதலிலிருந்து தொடங்குமா?

வந்த கேள்வி இது: "அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் ஒரு வீடு, கொஞ்சம் நிலம் சம்பந்தமாக முன்சீப் கோர்ட்டில் பாகப்பிரிவினை வழக்கு நடந்தது. குடும்பப் பொதுச் சொத்து, ஆளுக்குப் பாதி என்று தீர்ப்பு வந்துவிட்டது. அது தன் சுயசம்பாத்தியம் என்று சொல்லிவந்த அப்பா, சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போகாமல் விடமாட்டேன் என்கிறார். போன வாரம் பழைய பெட்டியில் ஒரு ரசீதும் கிடைத்திருக்கிறது. மேல் கோர்ட்டில் எல்லாவற்றையும் புதிதாக விசாரிப்பார்களா? இந்த மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் நம் நாட்டு நீதித்துறையில் எப்படித்தான் அமைந்திருக்கின்றன?"

தென்மாவட்டத்து ஊர் ஒன்றில் இருபது வருடத்துக்கு மேல் சிவில் வழக்கு நடத்திவருகிறேன். இதே கேள்வியோடு வாரம் ஒருவராவது என் அலுவலகப் படியேறி வருகிறார். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் நேரான பதில். இல்லை, புதிதாக விசாரிக்க மாட்டார்கள். சாட்சிகள் மறுபடி கூண்டில் ஏற மாட்டார்கள். மேல் கோர்ட்டுக்குப் போவது ஆட்கள் இல்லை, கட்டு. வழக்குரை, எதிருரை, சாட்சிகளின் வாக்குமூலம், குறியீடு செய்த ஆவணங்கள், தீர்ப்பு எல்லாம் அடங்கிய அந்தக் காகிதக் கட்டை வைத்துக்கொண்டு, 'கீழே இருந்த நீதிபதி எங்கே தவறினார், அந்தத் தவறு முடிவை மாற்றக்கூடியதா' என்று பார்ப்பதுதான் மேல்முறையீடு. விசாரணை நீதிமன்றத்தின் கேள்வி 'என்ன நடந்தது' என்பது. மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் கேள்வி 'என்ன நடந்தது என்று முடிவு செய்தவர் சரியாகச் செய்தாரா' என்பது. இந்த வேறுபாடு பிடிபடாமல்தான் பலர் காணியை விற்று டெல்லிக்கு ரயில் ஏறுகிறார்கள்.

உங்கள் வழக்கிலிருந்தே தொடங்குவோம். முன்சீப் கோர்ட் தீர்ப்பின்மேல் முதல் மேல்முறையீடு, வழக்கமாக சப் கோர்ட்டுக்கோ மாவட்ட நீதிமன்றத்துக்கோ போகும். சிவில் நடைமுறைச் சட்டத்தின் 96-ஆவது பிரிவு தரும் உரிமை இது. யாரும் தயவு பண்ணி அனுமதி தர வேண்டியதில்லை. இந்தப் படியில் சட்டம், சங்கதி (அதாவது நடந்தது என்ன என்பது) இரண்டையும் வாதாடலாம். சாட்சியை நம்பியது தப்பு, ஆவணத்தைப் படித்த விதம் தப்பு என்றெல்லாம் சொல்லலாம். மேல்முறையீட்டு நீதிபதி, தான் தீர்மானிக்க வேண்டிய விஷயங்களைத் தானே வகுத்து, ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதியாக வேண்டும். 'கீழ் கோர்ட் சொன்னது சரி' என்று நாலு வரியில் முடித்தால் அந்தத் தீர்ப்பே நிற்காது. ஆனாலும் ஒரு விஷயம் உண்டு. சாட்சி தடுமாறியதையும் முகம் வியர்த்ததையும் நேரில் பார்த்தவர் விசாரணை நீதிபதி. காகிதத்தில் அது வராது. அதனால் யாரை நம்புவது என்ற விஷயத்தில் மேல் கோர்ட் அவ்வளவு சுலபமாகக் கை வைக்காது.

என்னைக் கேட்டால், ஒரு சாதாரண குடும்பத்தின் சொத்து வழக்கில் உண்மையான மேல்முறையீடு இந்த ஒன்றுதான். இதில்தான் பணமும் கவனமும் செலவழிக்க வேண்டும். பலர் இதை டெல்லிக்குப் போகிற வழியில் வரும் ஒரு ஸ்டாப் போல நினைத்து அசட்டையாக விட்டுவிடுகிறார்கள்.

ஏன் என்றால், அடுத்த படியில் கதவு பாதிக்கு மேல் சாத்தியிருக்கும். உயர் நீதிமன்றத்துக்குப் போகும் இரண்டாம் மேல்முறையீடு 100-ஆவது பிரிவின் கீழ் வருவது. 1976-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, வழக்கில் கணிசமான சட்டக் கேள்வி ஒன்று இருந்தால்தான் அது உள்ளே போகும். அந்தக் கேள்வியை நீதிபதி எழுத்தில் வகுத்தாக வேண்டும். 'ரசீதை நம்பவில்லை', 'சாட்சி பொய் சொன்னார்' என்பதெல்லாம் சட்டக் கேள்வி ஆகாது. கீழே இரண்டு நீதிமன்றங்களும் ஒரே முடிவுக்கு வந்திருந்தால், சங்கதியைப் பொறுத்தவரை அது அநேகமாக இறுகிப்போன முடிவு.

சரி, இப்போது நாட்டு அளவில் இந்த அமைப்பு எப்படி நிற்கிறது என்று பார்ப்போம்.

அமெரிக்காவில் மத்திய நீதிமன்றங்கள் ஒரு வரிசை, மாநில நீதிமன்றங்கள் தனி வரிசை. மத்திய வரிசையின் நடுவே 1891-இல் தனியாக மேல்முறையீட்டு நீதிமன்றங்களை ஏற்படுத்தினார்கள். இன்று 13 இருக்கின்றன. இலங்கையிலும் 1978 அரசியலமைப்பின் கீழ் மேன்முறையீட்டு நீதிமன்றம் என்றே தனியாக ஒன்று, உயர் நீதிமன்றம் என்று அவர்கள் அழைக்கும் உச்ச மன்றத்துக்குக் கீழே இருக்கிறது. இந்தியாவில் இரண்டு வரிசை கிடையாது, மேல்முறையீட்டுக்கென்றே தனி நீதிமன்றமும் கிடையாது. முன்சீப் கோர்ட்டிலிருந்து டெல்லி வரைக்கும் ஒரே ஏணி. மத்திய சட்டமானாலும் மாநிலச் சட்டமானாலும் அதே ஏணியில்தான் ஏற வேண்டும். நடுவில் 25 உயர் நீதிமன்றங்கள். நம் அமைப்பில் மேல்முறையீட்டுச் சுமையைத் தாங்கும் முதுகெலும்பு அவைதான்.

உயர் நீதிமன்றத்தின் இடம் விசித்திரமானது. அதன் நீதிபதிகளைக் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். சம்பளம் மாநிலத் தொகுப்பு நிதியிலிருந்து வருகிறது, ஓய்வூதியமோ இந்தியத் தொகுப்பு நிதியிலிருந்து. இரண்டுமே சட்டமன்றமும் நாடாளுமன்றமும் ஓட்டெடுத்துக் குறைக்க முடியாத செலவுகள். அரசை எதிர்த்து வரும் வழக்கில் அரசுக்குப் பயப்படாமல் தீர்ப்பு எழுத வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. மாவட்ட நீதிபதிகளின் மீதும் அவர்களுக்குக் கீழே இருப்பவர்களின் மீதும் நிர்வாகக் கட்டுப்பாடு அரசமைப்புச் சட்டத்தின் 235-ஆவது கூறின்படி உயர் நீதிமன்றத்துக்கு உண்டு. இடமாற்றம், விடுப்பு எல்லாம் அங்கேதான். ஆனால் உச்ச நீதிமன்றத்துக்கு உயர் நீதிமன்றங்களின் மேல் அப்படியொரு நிர்வாக அதிகாரம் கிடையாது. தீர்ப்பை மாற்றலாம், அலுவலகம் நடத்த முடியாது. பலர் நினைப்பதுபோல உயர் நீதிமன்றம் உச்ச நீதிமன்றத்தின் கிளை இல்லை.

'கீழ் கோர்ட்' என்ற சொல்லை நானும் பழக்கத்தில் பயன்படுத்திவிட்டேன். விசாரணை நீதிமன்றங்களை அப்படிக் குறிப்பிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றமே 2024-இல் சொல்லியிருக்கிறது. எனக்கு அதில் முழு உடன்பாடு. உண்மையைத் தோண்டி எடுக்கும் வேலை முழுக்க அங்கேதான் நடக்கிறது. மேலே இருப்பவர்கள் அதைச் சரிபார்க்கிறார்கள்.

உயர் நீதிமன்றத்துக்கு உள்ளேயே ஒரு மேல்முறையீடு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. அரசின் செயலை எதிர்த்து நேராக உயர் நீதிமன்றத்தில் போடும் ரிட் மனுவைத் தனி நீதிபதி ஒருவர் தீர்மானித்தால், அதன்மேல் ரிட் அப்பீல் என்று அதே உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வுக்குப் போகலாம். சென்னை உயர் நீதிமன்றத்துக்கு 1865-இல் தரப்பட்ட அரச சாசனத்தின் 15-ஆவது வாசகத்தில் இருக்கிறது இதன் வேர். உங்கள் வழக்குக்கு இது பொருந்தாது. இரண்டாம் மேல்முறையீட்டில் தனி நீதிபதி கொடுக்கும் தீர்ப்பின்மேல் உள்ளேயே இன்னொரு மேல்முறையீடு இல்லை என்று சிவில் நடைமுறைச் சட்டத்தின் 100-ஏ பிரிவு அடைத்துவிட்டது.

இந்த ஏணி எப்படி வேலை செய்கிறது என்று காட்ட, நாம் எல்லோரும் கண்ணால் பார்த்த ஜல்லிக்கட்டு வழக்கைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. தொடக்கம் ரொம்பச் சின்னது. ராமநாதபுரம் மாவட்டத்தில் மாட்டுவண்டிப் பந்தயம் நடத்த அனுமதி கேட்டு உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு ஒரு மனு வந்தது. 2006-இல் தனி நீதிபதி, பந்தயத்தோடு நிறுத்தாமல் ஜல்லிக்கட்டு உட்பட இப்படிப்பட்ட நிகழ்ச்சிகள் எல்லாவற்றுக்கும் தடை விதித்தார். மேல்முறையீட்டில் 2007-இல் இரு நீதிபதிகள் அமர்வு அதை ரத்து செய்தது. விஷயம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. இடையில் 2009-இல் தமிழ்நாடு சட்டமன்றம் ஜல்லிக்கட்டை ஒழுங்குபடுத்தி ஒரு சட்டம் இயற்றியது. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தையே செல்லாது என்று சொல்லி, ஜல்லிக்கட்டுக்குத் தடை போட்டது.

பள்ளிப் பாடப்படி பார்த்தால் கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். நாட்டின் கடைசி நீதிமன்றம் சொல்லிவிட்டதே! ஆனால் அந்தத் தீர்ப்பு மத்திய மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் வாசகத்தை வைத்து, மாநிலச் சட்டம் அதோடு மோதுகிறது என்று கண்டு எழுதப்பட்டது. தீர்ப்பை மாற்றச் சட்டமன்றத்துக்கு அதிகாரம் இல்லை. தீர்ப்புக்கு அடிப்படையான சட்டத்தை மாற்ற அதிகாரம் உண்டு. 2017 ஜனவரியில் மெரினாவிலும் அலங்காநல்லூரிலும் கூடிய கூட்டத்துக்குப் பிறகு, அந்த மத்தியச் சட்டத்தையே தமிழ்நாட்டுக்கு மட்டும் திருத்தி, குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு சட்டம் வந்தது. அதையும் எதிர்த்து வழக்குப் போட்டார்கள். இரு நீதிபதிகள் அமர்வு 2018-இல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வுக்கு அனுப்ப, 2023 மே 18 அன்று அந்த அமர்வு திருத்தச் சட்டம் செல்லும் என்றது. மாட்டுவண்டிப் பந்தய மனு ஒன்று தனி நீதிபதி, இரு நீதிபதிகள் அமர்வு, உச்ச நீதிமன்றம், சட்டமன்றம், அரசியல் சாசன அமர்வு என்று 17 வருடம் நடந்து முடிந்தது. நீதித்துறை அரசின் ஓர் அங்கம் என்பதற்கு இதுதான் பொருள். மற்ற அங்கங்களோடு அது இப்படித்தான் கொடுத்தும் வாங்கியும் நிற்கிறது. அரசமைப்புச் சட்டத்துக்குப் பொருள் சொல்லும் வழக்குகளில் மட்டும் சாதாரணச் சட்டத் திருத்தம் போதாது, அரசமைப்பையே திருத்த வேண்டியிருக்கும். அதனால்தான் அந்தமாதிரிக் கேள்விகளைக் குறைந்தது ஐந்து நீதிபதிகள் கேட்க வேண்டும் என்று 145-ஆவது கூறு சொல்கிறது.

அப்புறம், உங்கள் அப்பா சொல்லும் சுப்ரீம் கோர்ட்.

அங்கே நேரடியாக உரிமையோடு போகிற வழிகள் குறைவு. ஒருகாலத்தில் சொத்தின் மதிப்பு 20,000 ரூபாய்க்கு மேல் என்றால், அதைக் காட்டியே சிவில் வழக்கைக் கொண்டுபோக வழி இருந்தது. 1972-இல் வந்த 30-ஆவது அரசமைப்புத் திருத்தம் அதை எடுத்துவிட்டது. பணக்காரன் வழக்குக்கு மட்டும் டெல்லிக் கதவு திறப்பது நியாயமில்லை என்பதுதான் அதன் பின்னால் இருந்த எண்ணம். இப்போது, பொது முக்கியத்துவம் உள்ள கணிசமான சட்டக் கேள்வி இருக்கிறது என்று உயர் நீதிமன்றமே சான்று தர வேண்டும். அது அபூர்வம். அதனால் எல்லோரும் 136-ஆவது கூறைப் பிடித்துக்கொண்டு சிறப்பு அனுமதி மனு போடுகிறார்கள். எஸ்.எல்.பி. என்று வக்கீல்கள் சொல்வது இதைத்தான்.

எஸ்.எல்.பி. மேல்முறையீடு இல்லை. மேல்முறையீடு செய்ய அனுமதி கேட்கும் மனு. வாசலில் நின்று 'உள்ளே வரலாமா' என்று கேட்பது. அனுமதிப்பது முழுக்க நீதிமன்றத்தின் விருப்புரிமை. இந்த அதிகாரத்தைச் சிக்கனமாக, அசாதாரணமான வழக்குகளில் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தொடங்கிய 1950-ஆம் வருடத்திலேயே பிரீதம் சிங் வழக்கில் எழுதிவிட்டார்கள். நடைமுறையில் திங்கள்கிழமையும் வெள்ளிக்கிழமையும் இந்த மனுக்களின் பட்டியல் நீண்டு கிடக்கும். ஒரு மனுவுக்குக் கிடைப்பது சில நிமிடம். பெரும்பாலானவை ஒற்றை வரியில் தள்ளுபடி ஆகின்றன.

அந்த ஒற்றை வரிக்கு என்ன பொருள் என்பதில் நிறைய குழப்பம். 'சுப்ரீம் கோர்ட்டே உறுதி செய்துவிட்டது' என்று வழக்கின் எதிர்த்தரப்புக்காரர் ஊரில் சொல்லித் திரிவார். அது சரியில்லை. காரணம் சொல்லாமல் தள்ளுபடி செய்தால், 'நாங்கள் தலையிட விரும்பவில்லை' என்பது மட்டுமே பொருள். உயர் நீதிமன்றம் சொன்ன சட்டம் சரி என்று ஆகாது. அனுமதி கொடுத்து, மேல்முறையீடாகவே கேட்டுத் தீர்ப்பு சொன்னால்தான் கீழே உள்ள தீர்ப்பு மேலே உள்ள தீர்ப்பில் கலந்து கரைந்துபோகும். 2000-இல் வந்த குஞ்ஞகம்மது வழக்கின் தீர்ப்பு இதை அருமையாக விளக்குகிறது. இளம் வக்கீல்கள் ஒருமுறையாவது அதை முழுதாகப் படிக்க வேண்டும்.

உச்ச நீதிமன்றம் கட்டை அவிழ்த்து உள்ளே இறங்கிப் பார்ப்பதும் உண்டு. ஜெயலலிதா சொத்துக் குவிப்பு வழக்கு நினைவிருக்கும். 2014 செப்டம்பர் 27 அன்று பெங்களூரு தனி நீதிமன்றம் ஜெயலலிதா உட்பட நால்வருக்கும் 4 வருடச் சிறையும், அவருக்கு 100 கோடி ரூபாய் அபராதமும் விதித்தது. 2015 மே 11 அன்று கர்நாடக உயர் நீதிமன்றம் எல்லோரையும் விடுதலை செய்தது. வருமானத்தைவிடக் கூடுதலாக இருந்த சொத்து 8.12 சதவீதம்தான், 10 சதவீதத்துக்குள் என்றால் விட்டுவிடலாம் என்று பழைய தீர்ப்பு இருக்கிறது என்பது அங்கே சொல்லப்பட்ட காரணம். அந்தக் கணக்கில் கடன் தொகைகளைக் கூட்டிய இடத்தில் தவறு. பட்டியலில் உள்ளவற்றைக் கூட்டினால் சுமார் 10.67 கோடி வரும், தீர்ப்பில் 24.17 கோடி என்று இருந்தது. கர்நாடக அரசு உச்ச நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு செய்தது. 2017 பிப்ரவரி 14 அன்று அது உயர் நீதிமன்றத் தீர்ப்பை ரத்து செய்து, விசாரணை நீதிமன்றத்தின் தண்டனையை மீட்டது. அதற்குள் ஜெயலலிதா இறந்துவிட்டதால் அவர் மீதான மேல்முறையீடு அற்றுப்போனது. மற்ற மூவர் சிறைக்குப் போனார்கள். நடு நீதிமன்றமும் தவறக்கூடும், அதையும் ஒருவர் திருத்த வேண்டியிருக்கிறது என்பதை இதைவிடத் துலக்கமாகக் காட்டும் வழக்கு நமக்கு அருகில் இல்லை. முதலில் சாட்சியத்தை எல்லாம் பார்த்து எழுதப்பட்ட விசாரணை நீதிமன்றத் தீர்ப்புதான் கடைசியில் நின்றது என்பதையும் கவனியுங்கள்.

நடுப்படியே இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கும் நம் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. ராஜீவ் காந்தி கொலை வழக்கு பயங்கரவாதத்துக்கு எதிரான தடா சட்டத்தின் கீழ் நடந்தது. அந்தச் சட்டத்தில் தனி நீதிமன்றத் தீர்ப்பிலிருந்து மேல்முறையீடு நேராக உச்ச நீதிமன்றத்துக்குத்தான், உயர் நீதிமன்றம் நடுவில் இல்லை. 1998 ஜனவரி 28 அன்று பூந்தமல்லியில் 26 பேருக்கும் தூக்கு விதித்தார்கள். சாதாரணக் கொலை வழக்கு என்றால், மேல்முறையீடு செய்தாலும் செய்யாவிட்டாலும் உயர் நீதிமன்றம் உறுதி செய்யாமல் ஒரு மரண தண்டனையும் நிறைவேறாது. அந்தப் பாதுகாப்பு இங்கே இல்லை. 1999 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் 4 பேருக்குத் தூக்கை உறுதி செய்தது, 3 பேருக்கு ஆயுள் தண்டனையாகக் குறைத்தது, மற்ற 19 பேரைக் கொலைக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்து, சிறு குற்றங்களுக்கு அனுபவித்த சிறையே போதும் என்று வெளியே விட்டது. 26 தூக்குகளில் 22 ஒரே மேல்முறையீட்டில் போயின. ஒரே ஒரு மேல்முறையீடு மட்டுமே இருந்த வழக்கு அது. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும். பின்னால் 2002-இல் அதே வகையான பொடா சட்டம் வந்தபோது மேல்முறையீட்டை உயர் நீதிமன்றத்துக்குத் திருப்பினார்கள். நல்ல வேளை.

தீர்ப்பாயங்கள் பற்றி இரண்டு வரி. வருமான வரி, கம்பெனி விவகாரம், சுற்றுச்சூழல் என்று இப்போது தனித்தனித் தீர்ப்பாயங்கள் வந்துவிட்டன. சிலவற்றுக்கு மேல் அவற்றுக்கான மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் இருக்கிறது. எத்தனை வந்தாலும், 226, 227 கூறுகளின் கீழ் அவற்றைக் கண்காணிக்கும் உயர் நீதிமன்றத்தின் அதிகாரத்தை நாடாளுமன்றத்தால்கூடப் பறிக்க முடியாது என்று 1997-இல் சந்திரகுமார் வழக்கில் ஏழு நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள்.

இத்தனையும் ஒரே உச்ச நீதிமன்றத்தின் தலையில் விழுவதுதான் நம் அமைப்பின் பெரிய குறை என்று நான் நினைக்கிறேன். 1950-இல் தலைமை நீதிபதியோடு சேர்த்து 8 நீதிபதிகள். 2019-இல் அந்த எண்ணிக்கை 34 ஆனது. அரசமைப்புச் சட்டத்தைக் காப்பதும் அவர்கள்தான், வாடகை வீட்டைக் காலி செய்யும் தகராறின் கடைசி மனுவைக் கேட்பதும் அவர்கள்தான். தேசிய மேல்முறையீட்டு நீதிமன்றம் என்று ஒன்றை நடுவில் வைத்தால் என்ன என்று உச்ச நீதிமன்றமே 1986-இல் ஒரு தீர்ப்பில் யோசனை சொன்னது. 2009-இல் சட்ட ஆணையம் தன் 229-ஆவது அறிக்கையில், அரசமைப்பு வழக்குகளை டெல்லியில் வைத்துக்கொண்டு, மேல்முறையீடுகளை மட்டும் கேட்க நாலு திசையிலும் அமர்வுகள் வைக்கலாம் என்றது. தென்னகத்துக்குச் சென்னையோ ஹைதராபாத்தோ. 2016-இல் சென்னை வழக்கறிஞர் ஒருவரின் மனுவில் இந்தக் கேள்வி அரசியல் சாசன அமர்வுக்கு அனுப்பப்பட்டது. மத்திய அரசு இந்த யோசனையை எதிர்த்தது.

என் கருத்து: புதிதாக ஒரு நடு நீதிமன்றம் வேண்டாம். ஏணியில் ஒரு படி கூடினால் ஐந்து வருடம் கூடும். ஆனால் உச்ச நீதிமன்றத்தின் அமர்வு ஒன்று சென்னையில் வேண்டும். 130-ஆவது கூறு, குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு தலைமை நீதிபதி வேறு ஊர்களிலும் நீதிமன்றத்தை நடத்தலாம் என்கிறது. அரசமைப்பைத் திருத்தக்கூடத் தேவையில்லை. 2004-இல் மதுரையில் கிளை திறந்தபோது கன்னியாகுமரிக்காரருக்கும் ராமநாதபுரத்துக்காரருக்கும் எவ்வளவு அலைச்சல் மிச்சமானது என்று நான் கண்ணால் பார்த்தேன். அதற்கு முன்னால் ஒரு ஸ்டே வாங்கச் சென்னைக்கு ராத்திரி பஸ் ஏறியவர்களையும் பார்த்திருக்கிறேன்.

இந்தத் தூரம் பழைய கதை. சுதந்திரத்துக்கு முன்னால் கடைசி மேல்முறையீடு லண்டனில், பிரிவி கவுன்சிலில். நம் சீமையின் புகழ்பெற்ற சிவகங்கை வழக்கு அங்கேதான் முடிந்தது. 1829-இல் சிவகங்கை ஜமீன்தார் கௌரி வல்லபத் தேவர் இறந்தார். ஜமீன் யாருக்கு என்பது வழக்கு. குடும்பம் பிரியாத குடும்பம்தான் என்றாலும் ஜமீன் அவருடைய சுயசம்பாத்தியம் என்றால், அண்ணன் வழியினருக்கு இல்லை, அவருடைய மனைவியருக்கும் மகளுக்கும் என்று சொல்லி, அவர் மகள் காத்தம நாச்சியார் பக்கம் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. வருடம் 1863. ஜமீன்தார் இறந்து 34 வருடம். உங்கள் அப்பா கேட்கும் அதே கேள்வி, பொதுச் சொத்தா, சுயசம்பாத்தியமா என்பது, கப்பல் ஏறி லண்டன் போய்த் திரும்பியிருக்கிறது. 1949-இல் பிரிவி கவுன்சிலின் அதிகாரத்தைச் சட்டம் இயற்றி நிறுத்தினோம், 1950 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வந்தது.

இனி உங்கள் வழக்கு. பாகப்பிரிவினையில் முதலில் வருவது முதல்நிலைத் தீர்ப்பாணை, யாருக்கு எத்தனை பங்கு என்பது. அப்புறம் நீதிமன்றம் நியமிக்கும் கமிஷனர் போய் அளந்து பிரித்த பின் இறுதித் தீர்ப்பாணை. 'இறுதித் தீர்ப்பு வரட்டும், பார்த்துக்கொள்ளலாம்' என்று காத்திருக்காதீர்கள். முதல்நிலைத் தீர்ப்பாணையின்மேல் இப்போது மேல்முறையீடு செய்யாவிட்டால், பின்னால் பங்கு தப்பு என்று சொல்லவே முடியாது. 97-ஆவது பிரிவு வாயை அடைத்துவிடும். நல்ல வழக்கு ஒன்று இப்படியே வீணாய்ப் போனதை என் தொழிலின் முதல் வருடங்களில் பார்த்தேன். அந்தப் பெரியவர் காத்திருந்ததற்கு ஒரே காரணம், அவருக்கு யாரும் சொல்லவில்லை.

மேல்முறையீடு போட்டுவிட்டாலே தீர்ப்பு நின்றுவிடாது. சித்தப்பா தரப்பு இறுதித் தீர்ப்பாணைக்கு மனுப் போட்டு வேலையைத் தொடரலாம். தனியாக மனுப் போட்டு, காரணம் காட்டி, ஸ்டே வாங்க வேண்டும்.

ரசீது விஷயம் கொஞ்சம் நுட்பம். மேல்முறையீட்டில் புது ஆவணம் பொதுவாக எடுக்க மாட்டார்கள். சிவில் நடைமுறைச் சட்டத்தின் 41-ஆவது கட்டளையின் 27-ஆவது விதி சில விலக்குகளை வைத்திருக்கிறது. அக்கறையோடு தேடியும் விசாரணையின்போது அது கைக்கு வரவில்லை அல்லது அப்படியொன்று இருப்பதே தெரியவில்லை என்று நீங்கள் நிரூபித்தால் வாய்ப்புண்டு. 'பெட்டி வீட்டிலேயேதானே இருந்தது, ஏன் தேடவில்லை' என்பதுதான் எதிர்வக்கீலின் முதல் கேள்வியாக இருக்கும். பெட்டி யார் வசம் இருந்தது, எப்போது யார் திறந்தார்கள் என்று இன்றைக்கே தேதியோடு எழுதிவையுங்கள். அதை முதல் மேல்முறையீட்டிலேயே கொடுங்கள். உயர் நீதிமன்றத்தில் காட்டிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தால், அங்கே அதைப் பார்க்க வைப்பது மலையைப் புரட்டுகிற வேலை.

முன்சீப் கோர்ட் தீர்ப்பிலிருந்து முதல் மேல்முறையீட்டுக்குக் கெடு 30 நாள். தீர்ப்பின் சான்றிட்ட நகல் வாங்க ஆன நாட்களை அந்த 30-இல் சேர்க்க மாட்டார்கள். ஆனால் நகலுக்கு மனுப் போட்ட நாளிலிருந்து கணக்கு வைத்துத்தான் அந்தச் சலுகை. மனுவே போடாமல் கழிந்த நாட்கள் கழிந்ததுதான். கெடு தாண்டினால் தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனு, அதற்கு ஒரு வாய்தா, எதிர்ப்பு என்று அதுவே ஒரு வருடம் ஓடும். தீர்ப்பு எந்தத் தேதியில் வந்தது என்று நீங்கள் எழுதவில்லை. நாளைக் காலையில் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய், தீர்ப்பு, தீர்ப்பாணை இரண்டுக்கும் நகல் மனுப் போட்டுவிடுங்கள்.